உருகிய குழம்பிலிருந்து ஒரே படிகம்: சோக்ரால்ஸ்கி முறை, ஆரம்பத்திலிருந்து

கூரைக்குப் போடும் புது ஜி.ஐ. தகரத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். திட்டுத் திட்டாகப் பூ விரிந்ததுபோல் தெரியும். ஒரு திட்டு பளபளக்கும், பக்கத்துத் திட்டு மங்கிக் கிடக்கும். தகரத்தின் மேல் பூசிய துத்தநாகம் ஆறும்போது பல இடங்களில் ஒரே சமயத்தில் உறையத் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் தன்போக்கில் வளர்ந்து அடுத்ததோடு முட்டி நிற்கிறது. முட்டிய எல்லைதான் நமக்குக் கோடாகத் தெரிவது. ஒரு திட்டுக்குள் அணுக்கள் வரிசை தவறாமல் அடுக்கியிருக்கும். அடுத்த திட்டில் அதே அடுக்கு வேறு சாய்வில் இருக்கும். இதைப் பல்படிகம் என்பார்கள். நாம் தொடும் இரும்பும் செம்பும் பித்தளையும் பல்படிகம்தான். திட்டுகள் மிகச் சிறியவை என்பதால் கண்ணில் படுவதில்லை.

பாலம் கட்டவும் பாத்திரம் செய்யவும் பல்படிகம் போதும். டிரான்சிஸ்டருக்குப் போதாது. திட்டுகளின் எல்லையில் அணுப் பிணைப்புகள் அறுந்து கிடக்கும், மாசுகள் அங்கே போய்ச் சேரும், ஓடும் எலக்ட்ரான் அங்கே சிக்கிக்கொள்ளும். ஒரே வேஃபரில் (சிப் செய்ய, படிக உருளையிலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய வில்லை) கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் வேலை செய்ய வேண்டுமானால், அந்த வேஃபர் முழுவதும் ஒரே அடுக்காக, அதாவது ஒற்றைப்படிகமாக, இருந்தாக வேண்டும். இன்று 30 செ.மீ. விட்டமும் ஆள் உயரத்துக்கு மேல் நீளமும் உள்ள ஒற்றைப்படிக உருளைகளைத் தொழிற்சாலைகள் சாதாரணமாக வளர்க்கின்றன. அதற்கான வழியைக் காட்டியவர் போலந்துக்காரரான யான் சோக்ரால்ஸ்கி. அவர் தேடிப் போனது அதையல்ல என்பது வேறு விஷயம்.

வெள்ளீயக் குழம்பில் முதல் இழை

சோக்ரால்ஸ்கி 1885இல் கிட்சினியா என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது பிரஷ்ய ஆட்சியில் இருந்தது. 1916இல் பெர்லினில் ஏ.இ.ஜி. என்ற மின்சாதன நிறுவனத்தில் உலோக ஆய்வாளராக இருந்தார். மைக்கூட்டில் தோய்க்க வேண்டிய பேனாவை ஞாபகப் பிசகாகப் பக்கத்திலிருந்த உருகிய வெள்ளீயத்தில் தோய்த்துவிட்டார், வெளியே எடுத்தபோது முனையிலிருந்து மெல்லிய இழை தொங்கியது என்று ஒரு கதை வழக்கத்தில் இருக்கிறது. கதை நிஜமோ இல்லையோ, இயற்பியல் சரியாக இருக்கிறது. பேனா முள்ளின் நடுவில் இருக்கும் நுண்ணிய பிளவில் கொஞ்சம் உலோகம் ஏறி உறைந்தால், அதுவே அடுத்த உறைதலுக்கு வித்தாகிவிடும்.

அவர் பேனாவுக்குப் பதில் நுண்குழாய் ஒன்றை வைத்தார். அதை உருகலின் மேற்பரப்பில் தொடவைத்து, சீரான வேகத்தில் மேலே இழுக்க ஏற்பாடு செய்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு எண்: ஒரு உலோகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் உறையும்? உறையும் வேகத்துக்குள் இழுத்தால் இழை தொடர்ந்து வரும், மிஞ்சி இழுத்தால் அறுந்துவிடும். அறுபடாமல் இழுக்கக்கூடிய அதிகபட்ச வேகமே உறைதல் வேகம். வெள்ளீயத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 90 மி.மீ., ஈயத்துக்கு 140 மி.மீ. என்று அளந்தார். கட்டுரை 1918இல் அச்சேறியது. அந்த இழைகள் ஒற்றைப்படிகமாக வந்திருந்தன என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தலைப்பில் இருந்தது வேகத்தை அளக்கும் முறைதான்.

முப்பது வருடம் அது உலோகக்காரர்களின் கருவியாகவே இருந்தது. 1947 இறுதியில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அடுத்த சில வருடங்களில் பெல் ஆய்வகத்தில் கோர்டன் டீலும் ஜான் லிட்டிலும் இதே இழுப்பு முறையில் ஜெர்மானியம் ஒற்றைப்படிகத்தை வளர்த்தார்கள். அடுத்து சிலிக்கனும் வந்தது. 1954இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வணிக சிலிக்கன் டிரான்சிஸ்டரை அறிவித்தபோது அந்த ஆராய்ச்சியை நடத்தியவர் டீல்தான். சோக்ரால்ஸ்கி அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார்.

வெப்பக் கணக்கு

முறையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். திரவம் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம் போக வழி இருந்தால்தான் அடுத்த அடுக்கு உறையும். சிலிக்கன் இதில் மோசமான பேர்வழி. ஒரு கிலோ தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 334 கிலோஜூல் வெளிவருகிறது. ஒரு கிலோ சிலிக்கன் உறையும்போது ஏறக்குறைய 1,790 கிலோஜூல், ஐந்து மடங்குக்கும் மேல்.

30 செ.மீ. விட்டமுள்ள படிகம் நிமிடத்துக்கு 1 மி.மீ. வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 165 கிராம் உறைகிறது. அதிலிருந்து கிளம்பும் வெப்பம் 5 கிலோவாட்டை ஒட்டி வரும். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டரையை முழு வேகத்தில் வைத்த மாதிரி. இது முழுவதும் வளர்ந்த படிகத்தின் வழியாகவே மேலே ஏறி, பக்கவாட்டில் வெளியேற வேண்டும். கீழே குழம்பு இன்னும் சூடாக இருப்பதால் அந்தப் பக்கம் போக முடியாது. படிகம் தடிக்கத் தடிக்க இழுப்பு வேகம் குறைவது இதனால்தான். வெளிவிடும் பரப்பு விட்டத்தின் கணக்கில் கூடுகிறது, உறைய வேண்டிய பரப்போ அதன் வர்க்கத்தின் கணக்கில் கூடுகிறது. நிமிடத்துக்கு 1 மி.மீ. என்றாலே ஒரு மீட்டருக்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

உலைக்குள் என்ன இருக்கிறது

வெளியிலிருந்து உள்ளே வருவோம். தண்ணீரால் குளிர்விக்கும் எஃகுச் சுவர். அதற்குள் கிராஃபைட் காப்பு, கிராஃபைட் ஹீட்டர். நடுவில் கிராஃபைட் கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்குள் குவார்ட்ஸ் மூசை, அதாவது சிலிக்கனை உருக்கும் பாத்திரம். இரண்டு பாத்திரம் எதற்கு என்று கேட்கலாம். சிலிக்கன் 1,414 டிகிரியில் உருகுகிறது. உருகிய சிலிக்கன் தொட்டதையெல்லாம் கரைக்கும். குவார்ட்ஸ் மட்டும் ஓரளவு தாங்கும், கரைந்தாலும் உள்ளே விடுவது ஆக்சிஜனையும் சிலிக்கனையும்தான். ஆனால் அந்தச் சூட்டில் குவார்ட்ஸ் மெழுகுபோல் தளர்ந்துவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் கிராஃபைட் கிண்ணம்.

மேலே டங்ஸ்டன் கம்பி வடத்தில் விதைப்படிகம், அதாவது வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் சிறு ஒற்றைப்படிகத் துண்டு, தொங்குகிறது. விதை ஒரு பக்கம் சுழலும், மூசை எதிர்ப்பக்கம் சுழலும். சுழற்றாவிட்டால் உலையில் சூடு குறைந்த பக்கம் பார்த்துப் படிகம் கோணலாகப் புடைக்கும். வடத்தில் தொங்குவது பெண்டுலம் மாதிரி என்பதால், சில சுழற்சி வேகங்களில் படிகம் வட்டமிட்டு ஆடத் தொடங்கிவிடும். அந்த வேகங்களை உலையை இயக்குபவர் தவிர்த்தே ஆகவேண்டும்.

உள்ளே காற்று கூடாது. வளிமண்டல அழுத்தத்தில் சில சதவீதம் மட்டும் இருக்கும்படி ஆர்கான் என்ற மந்த வாயு மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். சிலிக்கனும் குவார்ட்ஸும் வினைபுரிந்து சிலிக்கன் மோனாக்சைடு ஆவியாகக் கிளம்புகிறது. அது சூடு குறைந்த இடங்களில் பொடியாகப் படியும். அந்தப் பொடியில் ஒரு துணுக்கு குழம்பில் விழுந்து, வளரும் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் பத்து மணி நேர வேலை போய்விடும். ஆவி படியுமுன் கீழே அள்ளிக்கொண்டு போவதே ஆர்கானின் முக்கிய வேலை.

ஏற்றுவதும் உருக்குவதும்

மூலப்பொருள் மிகத் தூய பாலிசிலிக்கன் (பல்படிக சிலிக்கன்) கட்டிகள். 300 மி.மீ. படிகத்துக்கு ஒரு தடவைக்கு 300 கிலோ, அதற்கு மேலும் ஏற்றுவார்கள். அடுக்குவதில் கை நிதானம் வேண்டும். கூரான முனை மூசைச் சுவரைக் கீறினால் அங்கிருந்து குவார்ட்ஸ் செதில் உரியும். மேலே பெரிய கட்டிகளை நெருக்கி வைத்தால், கீழே உருகி இறங்கிய பிறகும் அவை ஒன்றையொன்று தாங்கிப் பாலம்போல் அந்தரத்தில் நிற்கும். திடீரென்று விழுந்தால் குழம்பு தெறிக்கும். தெறித்த சொட்டு சுவரின் மேல்பகுதியில் உறைந்து ஒட்டிக்கொண்டு, வளர்ப்பு பாதியில் இருக்கும்போது கழன்று விழும்.

மின்சாரம் கடத்தும் தன்மையைத் தீர்மானிக்கப் படிகத்தில் சேர்க்க வேண்டிய போரான் அல்லது பாஸ்பரஸும் இப்போதே உள்ளே போகிறது. அளவைக் கேட்டால் சிரிப்பு வரும். 10 ஓம்-செ.மீ. மின்தடைத்திறன் வேண்டுமானால் ஏறக்குறைய நாலு கோடி சிலிக்கன் அணுவுக்கு ஒரு போரான் அணு போதும். 300 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 4 மில்லிகிராமை எட்டாது. அதை நிறுத்துப் போட்டுச் சரியாக வராது. அதனால் முன்பே போரான் கூடுதலாகச் சேர்த்து, செறிவு அளந்து வைத்த சிலிக்கன் துண்டுகளைத் தேவையான எடைக்குப் போடுவார்கள்.

கழுத்து: மெலிய வைத்தால்தான் தேறும்

உருகிய பிறகு சூட்டை உருகுநிலைக்குச் சற்று மேலே நிலைப்படுத்தி, விதையை இறக்கித் தொடவைக்க வேண்டும். குழம்பு அதிகச் சூடானால் விதையின் நுனி உருகித் தொடர்பு அறுந்துவிடும். சூடு குறைந்தால் தொட்ட மாத்திரத்தில் உறைவு மேற்பரப்பில் விசிறிபோல் ஓடும். சரியாக இருந்தால் விதையைச் சுற்றி ஒளிரும் வளையம் ஒன்று அமைதியாக நிற்கும். அது விதையோடு ஒட்டி மேலே வளைந்து ஏறிய குழம்பின் ஓரம். கடைசிவரை இயக்குபவரின் கண்ணும் கேமராவும் விடாமல் பார்ப்பது அந்த வளையத்தைத்தான்.

விதை எவ்வளவு சுத்தமான படிகமாக இருந்தாலும், 1,400 டிகிரிக் குழம்பைத் தொடும் அதிர்ச்சியில் அதன் அடுக்கில் பிசகுகள் உண்டாகும். டிஸ்லொகேஷன் என்பது இந்த அடுக்குப் பிசகுதான். ஓர் அணு வரிசை பாதியில் நின்றுபோன மாதிரி. அப்படியே தடிமனாக வளர்த்தால் பிசகு பெருகிப் படிகம் முழுவதும் பரவும். 1950களின் இறுதியில் வில்லியம் டேஷ் என்ற ஆய்வாளர் கண்ட வழி எளிமையானது: முதலில் வேகமாக இழுத்து, படிகத்தை மெலிய விடு. நிமிடத்துக்குப் பல மி.மீ. வேகத்தில் இழுத்தால் கழுத்து 3 முதல் 5 மி.மீ. வரை மெலியும். சிலிக்கனில் பிசகுகள் சில குறிப்பிட்ட தளங்களில்தான் நகரும். அந்தத் தளங்கள் இழுக்கும் அச்சுக்குச் சாய்வாக இருக்கின்றன. கழுத்து மெல்லியதாக இருந்தால் சாய்வாகப் போகும் பிசகு சீக்கிரமே ஓரத்தில் போய் முடிந்துவிடும். சில செ.மீ. இழுத்த பிறகு மிச்சம் எதுவும் இருக்காது.

இதில் ஒரு தொல்லை உண்டு. பிறகு வரும் 300 கிலோவும் தொங்குவது இந்தப் பென்சில் தடிமன்கூட இல்லாத கழுத்தில்தான். ரொம்ப மெலிந்தால் எடை தாங்காது, தடித்தால் பிசகு தங்கிவிடும். கழுத்து கட்டும் கட்டத்தில் பொறுமையைக் காட்டாதவர் பிறகு எதைச் செய்தும் பயனில்லை.

தோள், உடல், வால்

கழுத்து தேறிய பிறகு வேகத்தைக் குறைத்து, சூட்டையும் கொஞ்சம் தணித்தால் படிகம் அகலத் தொடங்கும். இது தோள். வேண்டிய விட்டம் நெருங்கும்போது வேகத்தைக் கூட்டி, அகலத்தை நிறுத்திச் செங்குத்தாகத் திருப்ப வேண்டும். தாமதித்தால் தோள் வேண்டியதைவிடப் பெருத்துவிடும்.

உடல் பகுதிதான் நீளமானது, அலுப்பானதும்கூட. விட்டம் கூடினால் வேகத்தைக் கூட்டு, குறைந்தால் குறை என்பது உடனடி மருந்து. ஆனால் வேகத்தையே மாற்றிக்கொண்டிருந்தால் படிகத்தின் தரம் அடிக்கடி மாறும். அதனால் வேகம் சராசரியிலிருந்து விலகத் தொடங்கினால் ஹீட்டர் சூட்டை மெல்ல மாற்றுவார்கள். சூட்டின் விளைவு தெரியப் பல நிமிடம் ஆகும். புதியவர்கள் பொறுக்காமல் இரண்டாம் முறை திருகுவார்கள். முதல் திருகலும் இரண்டாம் திருகலும் சேர்ந்து வரும்போது விட்டம் ஊசலாடும்.

குழம்பின் மட்டமும் இறங்கிக்கொண்டே இருக்கும். உள்விட்டம் 80 செ.மீ. உள்ள மூசையிலிருந்து 30 செ.மீ. படிகத்தை ஒரு மீட்டர் இழுத்தால் மட்டம் சுமார் 13 செ.மீ. தாழும். ஹீட்டருக்கு எதிரே உறையும் கோடு நகரக் கூடாது. ஆகவே மூசையை அதே அளவுக்கு மெல்ல மேலே ஏற்றுவார்கள்.

ஒற்றைப்படிகமாகத்தான் வளர்கிறதா என்று உலையை நிறுத்தாமலே தெரிந்துகொள்ளலாம். வழக்கமான திசையில் வளரும் சிலிக்கனின் பக்கவாட்டில் 90 டிகிரி இடைவெளியில் நான்கு மெல்லிய வரம்புகள் மேலிருந்து கீழாக ஓடும். படிகம் சுழலும்போது ஒளிர்வளையத்தில் அவை நான்கு துடிப்பாகத் தெரியும். வரம்பு மறைந்தால் அடுக்கு குலைந்துவிட்டது. கதை ஆரம்பத்திலேயே கெட்டால் படிகத்தைக் குழம்புக்குள் இறக்கி உருக்கி மறுபடி தொடங்குவார்கள். பாதி தாண்டிவிட்டால் அதுவரை நல்லதை எடுத்துக்கொண்டு முடித்துவிடுவார்கள்.

மூசை காலியாகும் சமயத்தில் படிகத்தைச் சட்டென்று தூக்கிவிட முடியாது. தூக்கினால் கீழ்முகம் திடீரென்று குளிரும், அதிர்ச்சியில் பிசகு பிறந்து ஏறக்குறைய ஒரு விட்டத்தின் தூரம் மேலே ஏறும். 30 செ.மீ. நல்ல படிகம் பாழ். அதனால் விட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூம்பாக முடித்துப் பிரிப்பார்கள். இந்த வாலை வெட்டி எறியத்தான் போகிறார்கள், என்றாலும் கட்டாயம் வளர்த்தாக வேண்டும்.

நடுவில் மின்சாரம் போனால்? சிலிக்கன் தண்ணீரைப் போல, உறையும்போது பெருக்கும். மேல்பரப்பு முதலில் உறைந்து மூடிக்கொள்ளும். உள்ளே மீதி உறையும்போது பெருக்க இடமில்லாமல் மூசையைப் பிளக்கும், கிராஃபைட் கிண்ணத்தையும் சேர்த்து. வழிந்த குழம்பு தண்ணீர் ஓடும் சுவரைத் தொட்டால் நீராவி வெடிப்பு அபாயம். மாற்று மின்சாரம் இல்லாமல் எந்த ஆலையும் உலையைப் பற்றவைக்காது.

தலையும் வாலும் ஒன்றல்ல

உறையும் படிகம் மாசை முழுதாக ஏற்றுக்கொள்ளாது. ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் குழம்புக்குள்ளேயே தள்ளும். இரும்பில் லட்சத்தில் ஒரு பங்குகூட உள்ளே போகாது. இது நல்லது, இழுப்பதே ஒரு சுத்திகரிப்பு. ஆனால் வேண்டிச் சேர்த்த பொருளுக்கும் இதே கதிதான். பாஸ்பரஸ் 0.35 பங்குதான் உள்ளே போகும். குழம்பு குறையக் குறைய, தள்ளப்பட்டது சேர்ந்து அடர்த்தியாகும். 80 சதவீதம் இழுத்து முடிக்கும்போது படிகத்தில் பாஸ்பரஸ் தலைப்பக்கத்தைவிட 2.8 மடங்காகிவிடும். போரானின் பங்கு 0.8 என்பதால் 1.4 மடங்கோடு நிற்கும். பல வருடங்கள் போரான் சேர்த்த படிகமே அதிகம் புழங்கியதற்கு இந்தச் சௌகரியமும் ஒரு காரணம்.

மூசையிலிருந்து கரையும் ஆக்சிஜனில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும், மிச்சம் படிகத்துக்குள் தங்கும். சிப் வேஃபருக்கு அது ஓரளவு உதவி. வெப்பப் பதப்படுத்தலில் உள்ளே நுண்துகளாகத் திரண்டு, திரியும் உலோக மாசுகளை மேற்பரப்பிலிருந்து விலக்கிப் பிடித்து வைக்கும். சோலார் செல்லில் அதுவே வம்பு. போரானும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெயில் பட்டதும் செல்லின் திறன் கொஞ்சம் சரியும். போரானுக்குப் பதில் காலியம் சேர்க்கும் பழக்கம் இதனால் வந்தது. ஆக்சிஜனே ஆகாது என்றால் மூசை இல்லாத மிதவை மண்டல முறைக்குப் போக வேண்டும். அது செலவு கூடியது, விட்டமும் பெரிதாக வராது.

சோக்ரால்ஸ்கி 1920களின் இறுதியில், குடியரசுத் தலைவர் மொஷ்சிட்ஸ்கி அழைத்ததன் பேரில் போலந்து திரும்பி வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜெர்மானியர்களுக்கு ஒத்துழைத்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு தள்ளுபடியானது, ஆனாலும் பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப ஏற்கவில்லை. சொந்த ஊருக்குப் போய் வீட்டு உபயோக ரசாயனப் பொருட்கள் தயாரித்துக் காலம் தள்ளினார். 2011இல்தான் அதே பல்கலைக்கழக செனட் அவர் மேலிருந்த களங்கத்தைத் துடைத்தது. அதற்குள் சிலிக்கன் ஆலைகளில் அவர் பெயர் (Czochralski) 'சி.இசட்.' என்ற இரண்டு எழுத்தாகச் சுருங்கி, தினமும் ஆயிரம் தடவை உச்சரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இந்த முறையின் தடயத்தைப் பார்க்க ஆலைக்குப் போக வேண்டியதில்லை. சில வருடப் பழைய மோனோ (ஒற்றைப்படிக) சோலார் பேனலின் அருகில் நின்று பாருங்கள். ஒவ்வொரு செல்லின் நான்கு மூலையும் வெட்டியிருக்கும், நாலு செல் சேரும் இடத்தில் வெள்ளை டைமண்ட் தெரியும். இழுத்து வளர்த்த படிகம் உருளை, பேனலுக்கு வேண்டியது சதுரம். 200 மி.மீ. வட்டத்துக்குள் முழுச் சதுரம் வெட்டினால் பக்கம் 141 மி.மீ.தான் வரும், படிகத்தில் 36 சதவீதம் சீவலாகப் போகும். 156 மி.மீ. பக்கம் வைத்து மூலைகளை வட்டத்தின் போக்கிலேயே விட்டால் போவது 24 சதவீதம். சீவியது வீணில்லை, கழுவி அடுத்த மூசையில் போட்டுவிடுவார்கள்.